ஊதாத விசில்

தம்பி,

போனில் நாம் பேசுவது இப்போதெல்லாம் "சாப்டியாப்பா", "சாப்ட்டேன்டா", "மாத்திர போட்டியா", "போட்டுட்டேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீ பேச்சை எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. எடுத்தாலும் ப, ம வருகிற வார்த்தைகள் எல்லாம் வாயின் வலது ஓரமாகக் காற்றாகப் போய்விடும். நீ "என்னப்பா, கேக்கல" என்பாய், நான் "ஒன்னும் இல்ல" என்பேன். எழுத்தில் அந்தத் தொந்தரவு கிடையாது. அதனால் எழுதுகிறேன். இதை நீ ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. இணையத்தில் உன் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் வீட்டு விஷயத்தை முன்பின் தெரியாதவர்கள் கமெண்டில் பேசி முடித்துவிட்டார்கள். நீ எடுத்த படத்தில் நடித்தவன் மட்டும்தான் இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

முகவாதம் வந்த அன்று நீ சிதம்பரத்தில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாய். என்ன நடந்தது என்று உனக்கு அம்மா சொன்னதுதான் தெரியும். காலையில் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன், தண்ணீர் வாயில் நிற்கவில்லை. கோணலாகப் படுத்துத் தூங்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது வழக்கம்போல ரெண்டு விசில் கொடுக்கப் பார்த்தேன். உதட்டுக்கும் விசிலுக்கும் நடுவில் வெறும் காற்றுதான் வந்தது. டிரைவர் மாணிக்கம் திரும்பிப் பார்த்து, "இன்னா மச்சான், விசில் அடைச்சிக்கிச்சா?" என்றான். "ரைட்" என்று வாயால் சொன்னேன். அந்த வார்த்தை மட்டும் நன்றாக வந்தது. ஆலப்பாக்கம் வந்தபோது ஊர்ப் பெயரைச் சொன்னேன், பின் சீட்டில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். புதுச்சத்திரத்தில் சிரித்தவர்கள் இன்னும் அதிகம். என் வழியில் இருக்கிற ஊர்கள் எல்லாமே உதட்டை மூடினால்தான் வரும் ஊர்கள். புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம். இத்தனை வருஷம் அந்தப் பெயர்களைக் கத்தித்தான் சோறு தின்றேன், அன்றைக்குத்தான் அது தெரிந்தது. ஒரு டீச்சரம்மா எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, மொதல்ல எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்கள்.

நரம்பு வீங்கியிருக்கிறது, நிறையப் பேருக்குத் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. நிறையப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. எனக்குக் கொஞ்சம் சரியாகி, அப்படியே நின்றுவிட்டது. கண் இப்போது முக்கால்வாசி மூடும். வாய் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. முதலாளி நல்லவர், என்னை வண்டியிலிருந்து இறக்கி, ஸ்டாண்டில் நின்று வண்டிக்கு டைம் பார்க்கிற வேலையில் போட்டார். "மரத்துப்போச்சா" என்று கேட்காத ஆள் இல்லை. மரத்துப்போகவில்லை. தொட்டால் தெரியும், சுட்டாலும் தெரியும். யாருடைய கன்னத்தையோ வாங்கி ஒட்டவைத்தது போல் இருக்கும், அவ்வளவுதான். மரத்துப்போனது வேறு இடத்தில். கொஞ்ச நாளில் எனக்குக் கோபம் வருவது நின்றுவிட்டது. டீக்கடையில் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் இல்லை. நீ பாஸ் ஆகிவிட்டேன் என்று சொன்ன அன்றும் ஒன்றும் இல்லை. அம்மா கேசரி கிண்டினாள். நான் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது. அதற்கு மேல் எனக்கு நினைவில் ஏதும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நீ போட்டியைக் கொண்டுவந்தாய். இணையத்தில் நடத்துகிற நகைச்சுவைக் குறும்படப் போட்டி, மூன்று நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், கட்டணம் கிடையாது. நீயும் உன் சிநேகிதன் ஆரோக்கியராஜும் அதற்கு முன்பே ஏதேதோ எடுத்து அனுப்பி, ஒன்றும் தேறவில்லை என்று எனக்குத் தெரியும். அன்று நீ என் எதிரில் வந்து உட்கார்ந்து நெடுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தலையைத் தூக்காமல், "அப்பா, விசில் ஊத முடியாத ஒரு கண்டக்டர் பத்தி கத எழுதியிருக்கேன். நீ நடிக்கிறியா?" என்றாய்.

அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். "உங்கப்பா மொகத்த வெச்சு ஊரைச் சிரிக்க வெக்கப்போறியா நீ?"

"இல்லம்மா. அவரப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இல்ல. விசில் வந்தாத்தான் வண்டி எடுப்பேன்னு அடம்புடிக்கிறான் பாரு ஒரு டிரைவரு, அவனப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

"சிரிக்கிறவன் யாரப் பாத்துச் சிரிக்கிறான்னு நீ போயி கேட்டுக்கிட்டா இருப்ப?"

நீ என்னைப் பார்த்தாய். நான் "சரி" என்றேன். உன்மேல் உள்ள பாசத்தில் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை தம்பி. சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தது. சரி என்பதில் ப, ம இல்லை, சொல்ல எளிது.

வண்டி எஃப்.சி. சான்றிதழ் வாங்குகிற வேலைக்காக முதுநகர் ஷெட்டில் நின்ற நாட்களில் எடுத்தோம். உன்னிடம் இருந்தது ஒரு போன். ஆரோக்கியராஜிடம் இருந்தது அவன் அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய கேமரா ஸ்டாண்டு. மற்றதெல்லாம் இலவசமாகக் கிடைத்ததை வைத்துத்தான். கேமராவை எங்கே வைப்பது, வெளிச்சத்தை எப்படித் திருப்புவது என்று தமிழிலேயே யாரோ ஒருவர் பாடம் பாடமாகச் சொல்லி இணையத்தில் போட்டிருந்தார். நீ ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வந்து எங்களை அப்படியும் இப்படியும் நகர்த்துவாய். வெளிச்சத்துக்கு தெர்மோகோல் அட்டை. ஒலிக்கு உன் இயர்போனை என் சட்டைப் பையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாய். எடிட்டிங் ஆப்பும் இலவசம், ஆனால் படத்தின் மூலையில் அதன் பெயர் வரும். அந்தப் பெயர் சரியாக "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" என்ற எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

கதை எனக்கு இன்னும் மனப்பாடம். கண்டக்டருக்கு விசில் வரவில்லை, விசில் இல்லாமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்கிறான் டிரைவர். மாணிக்கமே டிரைவராக நடித்தான். வண்டியில் மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை, அவனுக்கு முகூர்த்தம் தவறுகிறது. ஒவ்வொரு பயணியாக ஊதிப் பார்க்கிறார்கள். ஒரு அம்மா சீர் கொடுக்க வாங்கி வந்த குக்கரைப் பிரித்து, அதன் விசிலை வாயில் வைத்து ஊதுகிறாள். கடைசியில் மாப்பிள்ளை ஊதுகிறான், விசில் வந்துவிடுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். பார்த்தால் டிரைவர் தூங்கிவிட்டான். என் வேலை ஒன்றே ஒன்று. ஊதிப் பார்ப்பது, வராமல் போவது, எல்லோரையும் பார்ப்பது. "அப்பா, ஒன்னும் செய்யாத. சும்மா பாரு. அது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். சும்மா பார்ப்பதைத்தானே நான் வீட்டிலும் செய்துகொண்டிருந்தேன்.

விசில் சத்தத்துக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இலவசமாக ஒலிகள் தருகிற இடத்திலிருந்து வரிசையாக இறக்கி எனக்குப் போட்டுக் காட்டினாய். ஒன்று போலீஸ்காரர் ஊதுவது. ஒன்று பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் ஊதுவது. இன்னொன்று ரயில். எதிலும் பஸ் இல்லை. பிறகு என் இடத்தில் புதிதாக வந்த கண்டக்டரை நிறுத்தி ஊதச் சொல்லிப் பதிவுசெய்துகொண்டாய். அவன் ஊதும்போது நான் பக்கத்தில் நின்றேன். வருத்தமாக இருக்குமோ என்று நீ ஓரக்கண்ணால் என்னைப் பார்த்ததையும் பார்த்தேன். வருத்தமாக இருக்கவில்லை. அவன் கொஞ்சம் நீட்டி ஊதுகிறான் என்று மட்டும் தோன்றியது.

படத்தின் முடிவில், இசையை இலவசமாகக் கொடுத்தவர்களின் பெயர்களை எல்லாம் நீ போட்டாய். சும்மா கொடுத்தவர்களுக்குப் பெயர் போடுவதுதான் கூலி என்று சொன்னாய். அது நல்ல பழக்கம். வேலைக்குப் போன இடத்தில் யாரும் அப்படிச் செய்யாவிட்டாலும் நீ விடாதே.

படம் 'ஊதாத விசில்' என்ற பெயரில் போட்டியில் ஏறிய முதல் வாரம் உனக்குக் கால் தரையில் படவில்லை. மக்கள் ஓட்டில் மேலே மேலே வந்துகொண்டிருந்தது. கமெண்டுகளை வரி விடாமல் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாய். கண்டக்டராக நடிப்பவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கொல்கிறார் என்று ஒருவர். வாயைக் கோணிக்கொள்வது மட்டும் கொஞ்சம் ஓவர் ஆக்டிங் என்று இன்னொருவர். அதற்கு நீ சிரித்தாய், அம்மா சிரிக்கவில்லை. அப்புறம் ஊர் ஆள் யாரோ எழுதினான். "இது நடிப்பு இல்ல. இவருக்கு நெஜமாவே வாதம். பெத்த புள்ளையே அப்பன காமெடி பீஸ் ஆக்கி ஓட்டு கேக்குது." அதன்பின் வந்தவை எல்லாம் அந்த வழியிலேயே போயின. சிரித்தவர்களே திரும்பி வந்து திட்டினார்கள். போட்டி நடத்துகிறவர்கள் உனக்கு எழுதினார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். நடித்தவர் தெரிந்து சம்மதித்து நடித்தார் என்று அவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் அனுப்பினால் போதும் என்றார்கள். நீ அதை என்னிடம் கொண்டுவரவே இல்லை, பிறகு ஆரோக்கியராஜ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து உன் மாமா வந்தார். உன் அம்மாவின் அண்ணன், சத்தமாகப் பேசுகிற மனுஷன், கெட்டவர் இல்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன்டா, ஒடம்பு முடியாத மனுஷன வெச்சா வெளையாடுவ? எங்க ஊர்ல டீக்கடைல உக்காந்து பாக்குறானுங்கடா. எனக்கு எழுந்து வர்றதா உக்கார்றதான்னு தெரியல."

"அப்பா கிட்ட கேட்டுட்டுத்தான் மாமா எடுத்தேன்."

"அவரு என்னத்தடா சொல்லுவாரு? பேச முடியாத ஆளு கிட்ட கேட்டேன்னு சொல்றியே." பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்களாவது வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா? இப்பவாவது ஒரு வார்த்த சொல்லுங்க."

நீயும் என்னைத்தான் பார்த்தாய். எல்லோரும் பார்த்தார்கள். தெரிந்துதான் நடித்தேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எனக்கு அது தோன்றாமல் இல்லை, தோன்றியது. ஆனால் அந்த வரிக்கும் எனக்கும் நடுவில் ஏதோ ஒரு பெரிய மைதானம் கிடப்பது போலவும், அதை நடந்து கடக்க வேண்டும் போலவும் இருந்தது. நான் நடக்கவில்லை. என் முகத்தில் நீ எதைத் தேடினாயோ தெரியாது. அங்கே எழுதிக்காட்ட ஒரு பாதிதான் வேலை செய்கிறது, அதுவும் அன்று சும்மா இருந்தது. நீ போனை எடுத்துப் படத்தை அழித்தாய். போட்டியிலிருந்தும் விலகிக்கொண்டாய். "போதுமா மாமா" என்றாய். அந்த மாதமே சென்னையில் விளம்பரப் படம் வெட்டி ஒட்டுகிற ஆபீஸில் வேலை கிடைத்துப் போய்விட்டாய். தீபாவளிக்கு லீவு இல்லை, பொங்கலுக்கும் லீவு இல்லை. உனக்காக என்று இப்போது எதுவும் எடுப்பதில்லை என ஆரோக்கியராஜ் சொன்னான்.

அப்பாவுக்குக் கோபம் என்று நீ நினைக்கிறாய். கோபம் இல்லை. அன்று வாய் திறக்காததற்கு நீயோ, உன் படமோ, மாமாவோ காரணம் இல்லை. எந்தப் பக்கமும் எனக்கு எதுவும் தோன்றாத காலம் அது. இன்றும் முழுக்க முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ கேட்காமல் விட்ட அந்தச் சம்மதக் கடிதத்தை இப்போது எழுதிவிடுகிறேன். அந்தப் படத்தில் கண்டக்டராக வந்தது நான். எனக்கு முகவாதம் இருப்பது எனக்குத் தெரியும். கதை தெரியும். எங்கே சிரிப்பார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் நடித்தேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. படம் வருவதற்கு முன்பு என்னோடு பேசுகிறவர்கள் என் சட்டைப் பையைப் பார்த்துப் பேசுவார்கள். பழகிய டிரைவர்கள்கூட அப்படித்தான். இரக்கம்தான், தப்பில்லை. ஆனால் எந்நேரமும் நம் பையைப் பார்த்தே எல்லோரும் பேசினால், கழுத்துக்கு மேலே நமக்கு ஒன்றும் இல்லையோ என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். நீ சென்னைக்குப் போன பிறகு ஒருநாள் முதலாளி டிக்கெட் மிஷினுக்குப் பேப்பர் ரோல் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என்னைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார். பஸ் ஸ்டாண்டில் கூடையில் பூ வைத்து விற்கிற ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் கையை நீட்டிச் சிரித்தாள். "யோவ், நீதான அந்த ஊதாத விசிலு? எம் பொண்ணு போன்ல காட்டுச்சுய்யா. அந்த டிரைவர் தூங்குறான் பாரு, வயிறு வலிச்சிப் போச்சு எனக்கு."

நான் நின்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது நெஜமாவா? இப்டி திரும்பு, பாக்குறேன்" என்றாள். திரும்பினேன். வலது பக்கத்தை நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். பூக்கட்டுகிற கையோடு மோவாயைப் பிடித்துக்கூடத் திருப்பினாள். "எங்கக்காவுக்கும் இப்டித்தான் வந்துது. சோறு துன்னும்போது ஒழுவுதா?"

"ஒழுவும்."

"துண்டு வெச்சிக்க. வெக்கப்படாத" என்று சொல்லிவிட்டு, வந்த ஆளுக்கு முழம் போடப் போய்விட்டாள். அப்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும், ஆனால் அப்படி ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வண்டியில்தான் கவனித்தேன். எப்போதும் வலது பக்கம் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து, கோணல் பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டு வருகிறவன், அன்று இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் என் கோணல் தெரிகிறது. முட்லூர் தாண்டும்வரை எனக்கே அது தெரியவில்லை.

நீ நினைத்தது தப்பில்லை என்று சொல்லத்தான் இவ்வளவும். சிரிக்க வைப்பது ஒருத்தரைக் கீழே தள்ளுவது என்று மாமா நினைக்கிறார், கமெண்டு எழுதியவர்களும் நினைக்கிறார்கள். சில படங்கள் அப்படித்தான் இருக்கின்றன, நானும் பார்க்கிறேன். இனிமேல் யாரை வைத்து எடுத்தாலும் ஒன்று செய். எடுத்ததை முதலில் அந்த ஆளுக்குப் போட்டுக் காட்டு. அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடு. சரி என்றால், பிறகு யார் வந்து கத்தினாலும் அவரைக் கேட்காமல் அழிக்காதே. அந்தப் படத்தில் பாதி என்னுடையது. அழிப்பதற்கு முன் என்னிடம் கேட்டிருக்கலாம். நான் அன்று பதில் சொல்லியிருக்கமாட்டேன், அது வேறு விஷயம்.

நீ விட்டுப்போன பழைய போன் அம்மாவிடம்தான் இருக்கிறது. அதில் நீ சேமித்துவைத்த பாடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. மத்தியானம் சாப்பிட வரும்போது ஒன்றொன்றாகப் பார்த்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அந்த வாத்தியார் பொறுமையானவர், சொன்னதையே திரும்பச் சொல்கிறார், காசும் கேட்பதில்லை. இப்போது துண்டுகளை வெட்டி ஒட்டும் அளவுக்கு வந்திருக்கிறேன். ஒலிதான் இன்னும் பிடிபடவில்லை. புதிதாக வேறொரு போட்டி அறிவித்திருக்கிறார்கள், ஒரு நிமிடத்துக்குள் நகைச்சுவை. நான் ஒன்று எழுதினேன். கேஸ் சிலிண்டர் பதிவுசெய்யப் போன் போடுகிறான் ஒருவன். மறுமுனையில் மிஷின் குரல், ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்கிறது. அவன் முதுநகர் என்கிறான், உதட்டுக்கு அது வரவில்லை. "நீங்கள் சொன்னது உளுந்தூர்பேட்டை. சரியா?" என்கிறது மிஷின். இல்லை என்கிறான். "நன்றி. உங்கள் சிலிண்டர் உளுந்தூர்பேட்டைக்கு அனுப்பப்படும்."

நடிக்க நான் இருக்கிறேன், மிஷினுக்கு ஆள் வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு வேற வேல இல்ல" என்றாள். மறுநாள் பால்வாடி வேலை முடிந்து வந்ததும், "எங்க, குடு பாக்கலாம்" என்று தாளை வாங்கி இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள். போனைப் பிடித்துப் படம் எடுப்பதும் அவள், மிஷின் குரலும் அவள். மொட்டைமாடியில் வெயில் தாழ்ந்த பிறகு எடுத்தோம். "தயவுசெய்து ஊரின் பெயரைச் சொல்லவும்" என்று நிஜ மிஷின் மாதிரியே சொன்னாள். நான் சொன்னேன். "மன்னிக்கவும், புரியவில்லை" என்றாள். திரும்பச் சொன்னேன். உளுந்தூர்பேட்டை என்று சொல்லப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். போன் ஆட ஆரம்பித்தது. சிரித்தாள். எனக்கு வாய் இழுத்ததிலிருந்து இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதில்லை. நிறுத்தப் பார்த்து, முடியாமல், "ஐயோ, மறுபடி சொல்லு" என்றாள். சொன்னேன். இன்னும் அதிகமாகச் சிரித்தாள்.

அதை உனக்கு அனுப்பியிருக்கிறேன். காற்றுச் சத்தம் நிறைய இருக்கிறது, படமும் ஆடுகிறது, நீதான் சரிசெய்து தர வேண்டும். பின்னணியில் வருகிற தேவையில்லாத சத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்று பாடத்தில் சொல்கிறார்கள். மிஷின் எப்படிச் சிரிக்கும் என்று நடுவர்கள் கேட்டாலும் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தச் சிரிப்பில் மட்டும் கை வைக்காதே.

நான் அதைப் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் போனைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோகிறேன்.

அப்பா